டர்போவா, சாதா இன்ஜினா: பேட்ஜ், டார்க், ஹோஸ், ஸ்கேனர்... எது சொல்வதை நம்பலாம்?

ஒரு காரில் டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தால் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி) இருக்கிறதா, இல்லை அது இல்லாத சாதா இன்ஜினா என்று பார்க்க ஐந்தாறு வழிகள் உண்டு. பின்பக்க எழுத்தைப் படிக்கலாம், விவரத்தாளில் டார்க்கை (இன்ஜினின் திருப்பு விசையை) பார்க்கலாம், பானெட்டைத் திறக்கலாம், ஸ்கேனர் மாட்டலாம், வண்டியின் எண்ணை வைத்து உதிரிபாகப் பட்டியலில் தேடலாம், ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் நம்புவது முதலாவதையும் கடைசியையும்தான். இருப்பவற்றில் அதிகம் ஏமாற்றுவதும் அந்த இரண்டும்தான்.

டீசலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இன்று ஓடும் டீசல் கார்களில் ஏறக்குறைய எல்லாமே டர்போ வண்டிகள். ஃபோக்ஸ்வாகனின் பழைய எஸ்டிஐ போன்ற சில இன்ஜின்கள்தான் விதிவிலக்கு. குழப்பமெல்லாம் பெட்ரோலில்தான்.

பேட்ஜ்: கம்பெனி சொல்ல விரும்புவது

சில எழுத்துகள் நேரடியானவை. ஃபோர்டின் ஈகோபூஸ்ட், சுசுகியின் பூஸ்டர்ஜெட், ஹோண்டாவின் விடெக் டர்போ, ஹூண்டாயின் டி-ஜிடிஐ என்று போட்டிருந்தால் டர்போதான். ஆனால் ஹூண்டாயில் அந்த முன்னெழுத்து ‘டி’ இல்லாமல் வெறும் ஜிடிஐ என்றிருந்தால், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது என்று மட்டும்தான் பொருள். அது சாதா இன்ஜின். ஒரே ஓர் எழுத்து கதையை மாற்றிவிடுகிறது.

ஆடியின் 3.0 டிஎஃப்எஸ்ஐ வி6 இன்னும் மோசம். அந்த ‘டி’யைப் பார்த்தால் டர்போ என்றுதான் தோன்றும். ஆனால் பல ஆண்டுகள் அந்த இன்ஜினில் இருந்தது எக்ஸாஸ்ட்டால் அல்லாமல் பெல்ட்டால் சுழன்று காற்றை அமுக்கும் சூப்பர்சார்ஜர். மெர்சிடிஸில் ‘கொம்ப்ரசர்’ என்று எழுதியிருந்தாலும் சூப்பர்சார்ஜர்தான்.

எண்களும் கை கொடுக்காது. பிஎம்டபிள்யூ 320ஐ என்ற பெயர் இ90 தலைமுறையில் சாதா 2 லிட்டர் இன்ஜினைக் குறித்தது. அடுத்து வந்த எஃப்30 தலைமுறையில் அதே 320ஐ டர்போ ஆகிவிட்டது. போர்ஷே 911 கரேராவுக்கு 2015-இல் வந்த மாற்றத்தோடு டர்போ இன்ஜின் கொடுத்தார்கள், பின்னால் ‘டர்போ’ என்று எழுதவில்லை. அதே கம்பெனி 2019-இல் டைகான் டர்போ என்று ஒரு காரை வெளியிட்டது. அது முழு மின்சாரக் கார். அதில் இன்ஜினே கிடையாது. போதாக்குறைக்கு எந்தப் பேட்ஜையும் தனியாக வாங்கி ஒட்டிவிட முடியும். பேட்ஜைப் பார்த்து ஓர் ஊகத்துக்கு வரலாம், முடிவுக்கு வரக்கூடாது.

டார்க்: உட்கார்ந்த இடத்திலேயே பதில்

விவரத்தாள் கையில் இருந்தால் இதுதான் மிக வேகமான வழி. பவரைப் பார்க்காதீர்கள். டார்க்கை எடுத்து லிட்டர் கணக்கில் உள்ள இன்ஜின் அளவால் வகுங்கள். சாதா பெட்ரோல் இன்ஜின் லிட்டருக்கு 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை தரும். காரணம் எளிது: காற்றழுத்தம் உள்ளே தள்ளுகிற காற்று அவ்வளவுதான், அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். டர்போ காற்றை அமுக்கி அனுப்புவதால் 150, 200 என்று போகும்.

ஹோண்டாவிலேயே பாருங்கள். சாதா 1.5 லிட்டர் ஐ-விடெக் 145 நியூட்டன் மீட்டரை 4,600 ஆர்பிஎம்மில் தந்தது. லிட்டருக்குச் சுமார் 97. சிவிக்கில் வந்த 1.5 டர்போ 220 தந்தது, லிட்டருக்கு 147. அதுவும் 1,700 முதல் 5,500 ஆர்பிஎம் வரை ஒரே அளவில். இந்த இரண்டாவது விஷயத்தையும் கவனியுங்கள். உச்ச டார்க்குக்கு ஒரே ஆர்பிஎம் எண் போட்டிருந்தால் பெரும்பாலும் சாதா இன்ஜின். ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று ஓர் எல்லையைக் கொடுத்து, அது 2,000-க்குக் கீழேயே தொடங்கினால் டர்போ என்று தாராளமாகச் சொல்லலாம்.

பவரை ஏன் பார்க்கக் கூடாது என்பதற்கு ஹோண்டா எஸ்2000 ஒன்றே போதும். 2 லிட்டரில் 240 குதிரைத்திறன். அதை மட்டும் பார்ப்பவர் டர்போ என்று சத்தியம் செய்வார். டார்க் 208 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 7,500 ஆர்பிஎம்மில். லிட்டருக்கு 104. அசல் சாதா இன்ஜின். வேகமாகச் சுற்றித்தான் அந்தப் பவரை எடுக்கிறது.

இந்த வழி சறுக்கும் இடம் ஹைபிரிட். அங்கே இன்ஜினையும் மோட்டாரையும் சேர்த்து மொத்த டார்க்கைப் போட்டிருப்பார்கள். இன்ஜினுக்கு மட்டும் உரிய எண்ணைத் தேடி எடுத்து வகுக்க வேண்டும். சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் இந்தக் கணக்கு பிரித்துக் காட்டாது.

பானெட்டுக்குள்: காற்று போகும் வழி

பானெட்டைத் திறந்ததும் டர்போவைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. புதிய கார்களில் அது கண்ணில் படுவதே அரிது. சில இன்ஜின்களில் அது பின்பக்கம், இன்ஜினுக்கும் கேபின் சுவருக்கும் நடுவே தாழ்வாக உட்கார்ந்திருக்கும். மேலே வெப்பத் தகடு, அதற்கும் மேலே பிளாஸ்டிக் மூடி. எனவே டர்போவைத் தேடாமல் காற்று போகும் பாதையைத் தொடருங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓட்டி நிறுத்தி அரை மணி நேரமாவது ஆகாமல் எக்ஸாஸ்ட் பக்கம் கை வைக்காதீர்கள். மேல் பிளாஸ்டிக் மூடி பல கார்களில் ரப்பர் பிடிகளில்தான் நிற்கும். நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கிளம்பும் பெரிய குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாதா இன்ஜினில் அந்தக் குழாய் நேராக, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குப் போய், அங்கிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் முடியும். ஒரே குழாய், பாதை முடிந்தது. டர்போ இன்ஜினில் அது த்ராட்டிலுக்குப் போகாது. எக்ஸாஸ்ட் பக்கமாகத் திரும்பிக் கீழே இறங்கி, நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் அலுமினிய உறைக்குள் நுழையும். அதிலிருந்து இன்னொரு தடித்த ஹோஸ் வெளியே வந்து, அமுக்கிய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும். அங்கிருந்து மூன்றாவது ஒன்று த்ராட்டிலுக்கு வரும். அழுத்தம் தாங்க வேண்டும் என்பதால் இந்த ஹோஸ்களின் சுவர் தடிமனாக இருக்கும், கிளாம்புகளும் வலுவானவை. ஃபில்டரிலிருந்து வந்த குழாயும் த்ராட்டிலில் முடிகிற குழாயும் வெவ்வேறு என்று தெரிந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

மீதிப் பாதியை உறுதி செய்ய, அந்த நத்தை உறையின் மறுபக்கம் எக்ஸாஸ்ட்டோடு இணைந்திருக்கும் வார்ப்பிரும்பு உறையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மேலிருந்து ஒரு மெல்லிய எண்ணெய்க் குழாய் வரும். கீழே சற்றுப் பெரிய குழாய் ஒன்று எண்ணெயைத் திரும்ப இறக்கும். பக்கத்தில், அழுத்தம் மிஞ்சாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவை இயக்கும் டப்பாவும் அதிலிருந்து நீளும் கம்பியும் இருக்கும், அல்லது ஒரு சிறிய மோட்டார் இருக்கும். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. எக்ஸாஸ்ட் தொடர்பே இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் ஓட்டுகிற அமுக்கி என்றால் அது சூப்பர்சார்ஜர்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் சில. வெப்பத் தகட்டைப் பார்த்து டர்போ என்று நினைப்பது. சாதா இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் அது உண்டு. பம்பர் இடைவெளியில் தெரியும் ஏசி கண்டென்சரை இன்டர்கூலர் என்று எண்ணுவது. கண்டென்சருக்குப் போவது விரல் அளவு உலோகக் குழாய், இன்டர்கூலருக்குப் போவது மணிக்கட்டு அளவு ஹோஸ். மறுபுறம், பம்பருக்குள் இன்டர்கூலர் காணோம் என்பதால் டர்போ இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஃபோக்ஸ்வாகனின் இஏ211 குடும்பத்து 1.4 டிஎஸ்ஐ இன்ஜினில் தண்ணீரால் ஆறும் இன்டர்கூலரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே பொதித்திருக்கிறார்கள். பானெட்டில் இருக்கும் காற்றுத் துளையும் அப்படித்தான். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் அது நிஜமாகவே கீழே இருக்கும் இன்டர்கூலருக்குக் காற்று தருகிறது. வேறு பல கார்களில் அது வெறும் அலங்காரம். கையை விட்டுப் பார்த்தால் அடியில் மூடியிருக்கும்.

ஸ்கேனர்: எண்ணால் நிரூபிப்பது

ஹோஸைத் தொடர முடியாதபடி எல்லாம் மூடிக் கிடந்தால் ஸ்கேனர் உதவும். டாஷ்போர்டுக்கு அடியில் 16 பின் சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் ஆப்பைத் திறந்து, இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கிலோபாஸ்கல் கணக்கில் வரும்.

முதலில் இக்னிஷனை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் வெளிக் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் சுமார் 101, 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 80. ஐடிலில் பெட்ரோல் இன்ஜின்கள், டர்போவோ சாதாவோ, பெரும்பாலும் 30, 40 என்றுதான் காட்டும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இனி வண்டியை ஓட்ட வேண்டும். காலியான, நேரான சாலையில் மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம் வாக்கில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எண்ணைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் வேலையல்ல. சாதா இன்ஜினில் அது முதலில் குறித்த எண்ணை ஒட்டி வந்து நின்றுவிடும். டர்போவில் அதைத் தாண்டி 150, 180, 200 என்று ஏறும்.

நிறுத்திய இடத்திலேயே நியூட்ரலில் உறுமவிட்டுப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இன்ஜினுக்குச் சுமை இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வேகம் போதாது, அழுத்தம் ஏறாது, டர்போ வண்டியும் சாதா வண்டி போலவே காட்டும். ஆப்பில் ‘பூஸ்ட்’ மீட்டர் இருப்பதும் ஆதாரமல்ல; ஆப் எந்த வண்டிக்கும் அந்த மீட்டரை வரையும். சில கார்களில் இந்த அழுத்த எண்ணே வராது. எண் ஏறாததால் டர்போ இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது: ஹோஸ் கிழிந்தாலோ வேஸ்ட்கேட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலோ அழுத்தம் நிற்காது. ஏறினால் உறுதி. ஏறாவிட்டால் மறுபடி ஹோஸைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதமும் காதும்

17 இலக்க வாகன எண்ணைக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் போட்டுப் பார்த்தால், டர்போ இருந்தால் அது தனி பாகமாக, எண்ணோடு வரும். வண்டி தொலைவில் இருக்கும்போது இதைவிட நல்ல வழி இல்லை. அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒட்டிய புகை விதி லேபிளிலும் டர்போவுக்கு ‘டிசி’, இன்டர்கூலருக்கு ‘சிஏசி’ என்ற சுருக்கெழுத்துகள் இருக்கும்.

ஓட்டிப் பார்த்தும் காதால் கேட்டும் சொல்வது கடைசி வழி. ‘மிதித்த ஒரு நொடி கழித்து இழுக்கிறது’ என்பது டர்போவாகவும் இருக்கலாம், கியர் படிகளே இல்லாத சிவிடி கியர்பாக்ஸாகவும் இருக்கலாம். இன்றைய சிறிய டர்போக்கள் 1,500 ஆர்பிஎம்மிலேயே எழுந்துவிடுவதால் அந்தத் தாமதம் பலருக்குத் தெரிவதில்லை. விசில் சத்தத்தை நம்பவே வேண்டாம். சைலன்சர் முனையில் மாட்டும் விசில் துண்டுகள் தனியாக விற்கின்றன.

பழைய கார் வாங்குகிறவருக்கு டார்க் கணக்கும் ஹோஸும் போதும். இன்ஜின் மாற்றிய வண்டியோ, வெளியே டர்போ மாட்டிய வண்டியோ என்றால் பட்டியலும் விவரத்தாளும் பழைய இன்ஜினைப் பற்றித்தான் பேசும். அங்கே ஏர் ஃபில்டரிலிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. அப்படிப் பார்க்கும்போது எண்ணெய் இறங்கும் குழாயின் மூட்டில் கசிவு இருக்கிறதா என்றும், இன்டர்கூலர் ஹோஸின் உள்பக்கம் எண்ணெய் தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். லேசான ஈரம் இயல்பு. கவிழ்த்தால் வழிகிற அளவுக்கு இருந்தால் டர்போவின் சீல் போயிருக்கலாம். விலை பேசுவதற்கு முன் மெக்கானிக்கிடம் டர்போவின் சுழலும் ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.