யோக்கில் இல்லாத காற்று: வீட்டு சிமுலேட்டரும் செஸ்னா 152-உம்

நான் பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகக் கைச்சக்கரம் பிடித்துப் பழகிய கை. டூல் இரும்பைச் சரியாகக் கடிக்கிறதா, சும்மா தேய்க்கிறதா என்று கண்ணுக்குத் தெரியும் முன்னே கைக்குத் தெரிந்துவிடும். வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரையும் நிஜ விமானத்தையும் பற்றி இங்கே எழுதுவது பெரும்பாலும் இந்தக் கை சொன்ன விஷயம்தான்.

அல்சூர் வீட்டின் பின்னறையில் ஐந்து வருஷமாக சிமுலேட்டர் ஓட்டுகிறேன். ஜக்கூர் விமானத் திடலில் இன்ஸ்ட்ரக்டரோடு செஸ்னா 152-இல் இதுவரை பதினோரு மணி நேரம் பறந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே விமானம் அமைந்தது நல்லதாகப் போயிற்று. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் ஸ்டாண்டர்ட் பதிப்பு வாங்கினாலே 152 கூட வந்துவிடும். இரண்டே சீட், 110 குதிரைசக்தி லைகாமிங் எஞ்சின், மேலே இறக்கை. திரையில் இருக்கும் அதே டயல்கள், எரிபொருள் கலவையைக் கூட்டிக் குறைக்கும் அதே சிவப்பு மிக்ஸ்சர் குமிழ் நிஜத்திலும் அதே இடத்தில் இருந்தன. முதல் நாள் கை நீட்டியபோது எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 27 அங்குல மானிட்டர், ஹனிகோம்ப் ஆல்ஃபா யோக் (விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்), காலுக்கு ரடர் பெடல் (மூக்கை இடது வலதாகத் திருப்புவது). யோக்குக்குக் கொடுத்த காசு எனக்குத் திருப்தி. நிஜ விமானத்தில் போல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 180 டிகிரி திரும்பும். விலை குறைந்த பல யோக்குகள் 90 டிகிரியோடு நின்றுவிடும். அதில் கை ஒரு விரற்கடை அசைந்தாலே இறக்கை சாய்ந்துவிடும். ஆல்ஃபாவின் தண்டு முன்னும் பின்னும் பிசிறில்லாமல் ஓடுகிறது. பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், பிளே, அதாவது தளர்வான ஆட்டம், கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் உள்ளே இருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு ஒரே குணம்தான். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்க்கும். விமானம் நின்றுகொண்டிருந்தாலும் எதிர்க்கும், நூறு நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தில் போனாலும் அதே அளவுதான் எதிர்க்கும். நிஜ 152-இல் கயிறும் கப்பியும் வழியாக யோக்கும் வாலும் நேராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நம் கையை எதிர்த்துத் தள்ளுவது காற்று. தரையில் நிற்கும்போது யோக் தொளதொளவென்று கிடக்கும்; கையை விட்டால் தானாக முன்னால் சரியும். ரன்வேயில் ஓட ஓட அதற்கு உயிர் வருவது உள்ளங்கையில் தெரியும். 50 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கும்போது நல்ல கனம் வந்திருக்கும். மேலே வேகத்தைக் குறைத்தால் மறுபடி கனம் கரைந்து, கஞ்சியில் அகப்பை சுழற்றுவது மாதிரி ஆகிவிடும்.

அந்த இறுக்கம்தான் வேகமானி. டயலைப் பார்க்காமலே வேகம் குறைகிறது என்று கை சொல்லிவிடும். ஐந்து வருஷம் சிமுலேட்டர் ஓட்டியும் இப்படி ஒரு தகவல் வந்துகொண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஸ்பிரிங் அதைச் சொல்வதில்லை. ட்ரிம் சக்கரம் எதற்கு என்பதும் நிஜத்தில்தான் புரிந்தது. வீட்டில் ட்ரிம் சுற்றினால் திரையில் மூக்கு நகரும், கையில் ஒரு மாற்றமும் இருக்காது. 152-இல் யோக்கை இழுத்துப் பிடித்தபடி ட்ரிம்மைச் சுற்றினால், தூக்கிப் பிடித்திருக்கும் பையை யாரோ கீழிருந்து மெல்லத் தாங்குவதுபோலக் கனம் குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் காணாமல் போகும். அங்கே விரலை எடுத்தாலும் விமானம் அப்படியே போகும்.

அப்பா விமானம் செய்யும் எச்.ஏ.எல்.-இல் ஃபிட்டராக இருந்தவர். 1958-இல் முதலில் பறந்த புஷ்பக் விமானம் ஃப்ளையிங் கிளப்புகளுக்காக அங்கே செய்யப்பட்டபோது அதன் கண்ட்ரோல் கயிறுகளுக்கு டென்ஷன் வைத்த கைகளில் அவருடையதும் ஒன்று. இப்போது வயது எண்பத்து மூன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். யோக்கை இரண்டு தடவை முன்னும் பின்னும் அசைத்தார். “நல்லா செஞ்சிருக்கான்ப்பா. ஆனா இதுல காத்தே இல்லையே” என்றார். அவர் ஒரு தடவைகூட விமானம் ஓட்டியதில்லை. கயிற்றை விரலால் மீட்டிப் பார்த்த பழக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

அடுத்தது ஸ்டால், அதாவது இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும் நிலை. சிமுலேட்டரில் இதை நூறு தடவையாவது செய்திருப்பேன். ஸ்பீக்கரில் ஊளை கேட்கும், திரை நடுங்கும், மூக்கு விழும், யோக்கை முன்னால் தள்ளினால் சரியாகும். நிஜத்தில் அந்த ஊளை எங்கிருந்து வருகிறது என்று இன்ஸ்ட்ரக்டர் காட்டினார். இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை. உள்ளே மின்சாரம் எதுவும் கிடையாது. ஆர்மோனியப் பெட்டியில் இருப்பது மாதிரி ஒரு ரீட், அவ்வளவுதான். இறக்கை ஸ்டாலை நெருங்கும்போது அந்தத் துளையில் காற்று உறிஞ்சப்படும், ரீட் பாடும். பறப்பதற்கு முன்னால் இதைச் சோதிப்பதற்குத் துளையின்மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். விமானத்தின் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் உறிஞ்சினேன், மெலிதாக ஒரு முனகல் கேட்டது. மேலே போய் அதே முனகல் காதுக்கு மேலே கேட்டபோது, யோக் தளர்ந்து, சீட்டுக்கு அடியில் உடம்பு லேசாகி, வயிறு ஒரு அங்குலம் மேலே வந்தது. நான் செய்ய வேண்டிய வேலை வீட்டில் செய்ததேதான். ஆனால் வீட்டில் அதைச் செய்தது விரல். அங்கே உடம்பு முழுவதும் வேண்டாம் என்றபோது கையை முன்னால் தள்ள வேண்டியிருந்தது.

விமான சிமுலேட்டரின் முன்னோடிகளில் ஒன்று காற்றுப் பெட்டிதான். 1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், அப்பாவின் ஆர்கன், பியானோ தொழிற்சாலையில் கற்ற வேலையை வைத்து, துருத்திகளால் அசையும் ஒரு சின்ன விமானப் பெட்டி செய்தார். உள்ளே உட்கார்ந்தவரை அது சாய்த்தது, தூக்கியது, திருப்பியது. இன்று நம் வீட்டில் இருப்பதில் படம் பல மடங்கு மேல். மைக்ரோசாஃப்ட் பூமி முழுவதையும் செயற்கைக்கோள் படமாகவே கொடுத்துவிட்டது. ஜக்கூர் ஏரியும் ராச்சேனஹள்ளி ஏரியும் திரையில் தெரிகின்றன. உடம்பு மட்டும் நாற்காலியில் அப்படியே கிடக்கிறது.

காலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். முதல் மூன்று வருஷம் என்னிடம் பெடல் இல்லை. ஜாய்ஸ்டிக்கைத் திருகி ரடர் கொடுத்தேன். அப்புறம் வாங்கிய முதல் பெடல் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அழுத்தினால் நகராது, இன்னும் அழுத்தினால் தாவும். தண்டுகளைக் கழற்றி, பட்டறையில் நைலான் புஷ் கடைந்து போட்டுத்தான் சரிசெய்தேன். இவ்வளவு செய்தும் ஜக்கூரில் முதல் நாள் டாக்ஸியில், அதாவது தரையில் ஓட்டிப் போகும்போது, வளைவு வந்ததும் காரைத் திருப்புவதுபோல யோக்கைத் திருப்பினேன். விமானம் நேராகப் புல்லைப் பார்த்துப் போயிற்று. பக்கத்து சீட்டிலிருந்து இன்ஸ்ட்ரக்டர் அமைதியாகச் சொன்னார்: “கையை மடியில வைங்க. கால்லதான் ஓட்டணும்.” விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், கோயம்புத்தூர்க்காரர். என் பெயர் தெரிந்ததும் தமிழுக்கு மாறிவிட்டார்.

எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் விமானம் இடது பக்கம் இழுக்கும், வலது காலால் பிடிக்க வேண்டும். இது சிமுலேட்டரிலும் உண்டு. மெனுவில் தானாகச் சரிசெய்யும் உதவி ஒன்று இருக்கிறது. அதை அணைத்தால்தான் தெரியும். வாங்குகிறவர்கள் முதல் நாளே அணைத்துவிடுங்கள். ஆனால் காலால் எவ்வளவு என்பது வீட்டில் தெரியாது. நிஜத்தில் குறைவாக அழுத்தினால் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். “எந்தப் பக்கம் சாயறீங்களோ அந்தக் காலை அழுத்துங்க சார்” என்று அவர் சொன்ன பாடத்தைச் சொல்லித்தர எந்த மானிட்டராலும் முடியாது.

கண் விஷயத்தில் சிமுலேட்டர் எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்திருந்தது. அறுபது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் என் மானிட்டர் ஐம்பது டிகிரி சொச்சம்தான் அடைக்கும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டில் எல்லாவற்றையும் டயலில் பார்த்தே ஓட்டப் பழகிவிட்டேன். மூன்றாவது பாடத்தில் இன்ஸ்ட்ரக்டர் இதைப் பிடித்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து இரண்டு துண்டுக் காகிதம் எடுத்து வேகமானியையும் உயரமானியையும் மூடினார். “பட்டறைக்காரர்தானே? எஞ்சின் சத்தத்தைக் கேளுங்க. மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழ இருக்குன்னு பாருங்க.” பத்து நிமிடம் கழித்துக் காகிதத்தை எடுத்தபோது உயரம் அறுபது அடிதான் மாறியிருந்தது. டயலைப் பார்த்து ஓட்டியபோது இருநூறு அடி மேலும் கீழுமாக அலைந்தவன் நான்.

இறங்குவது இன்னும் பெரிய பாடம். கடைசி இருபது அடியில் ரன்வே இரண்டு பக்கமும் விரிந்து, ஓரக்கண்ணில் புல் வேகமாக ஓடும். அதை வைத்துத்தான் எப்போது மூக்கைத் தூக்குவது என்று தெரிகிறது. நண்பர் வீட்டில் வி.ஆர். கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். ஆழம் தெரிகிறது, தலையைத் திருப்பினால் ரன்வே தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது மானிட்டரைவிட நிஜத்துக்குப் பக்கம். அரை மணி நேரம் தாண்டியதும் எனக்குத் தலை சுற்றியது. செஸ்னாவில் இதுவரை சுற்றியதில்லை.

பெங்களூரில் பறக்கிறவர்களுக்கு ஒன்று. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. ஏப்ரல் மாத மதியத்தில் 33 டிகிரி வெயில் என்றால், காற்று கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல மெலிந்துவிடும். கையேட்டில் 152 கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும் என்று இருக்கிறது. அன்று நாங்கள் இரண்டு பேரும் ஏறியது 400 அடியை ஒட்டித்தான். மொத்த எடை 1,670 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பதால் புறப்படும் முன்னே இன்ஸ்ட்ரக்டர் என் எடையைக் கேட்டுக் கூட்டினார். வீட்டில் எடைப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. இப்போது திறந்து, எங்கள் இரண்டு பேர் எடையையும் வெப்பநிலையையும் போட்டு ஓட்டுகிறேன். ஏறும் வேகம் நிஜத்துக்கு மிக அருகில் வருகிறது. கணக்கு என்று வந்துவிட்டால் சிமுலேட்டர் ஏமாற்றுவதில்லை.

சிமுலேட்டர் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செக்லிஸ்ட் எனக்கு மனப்பாடம். 1,700 ஆர்.பி.எம்.மில், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் இரண்டு மேக்னெட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்து, 125-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்குள் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொன்னேன். ரேடியோவில் தடுமாறவில்லை. மேலே எஞ்சின் நின்றால் 60 நாட், ஆயிரம் அடிக்குச் சுமார் ஒன்றரை நாட்டிக்கல் மைல் மிதக்கும் என்பதை வீட்டில் பத்து விதமாகப் பழகியிருந்தேன். நிஜ விமானத்தில் வயலில் இறங்கிப் பார்த்துப் பழக முடியாது. அந்த இடத்தில் வீட்டு அறைதான் பாதுகாப்பான பள்ளிக்கூடம். மணிக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து சுவிட்ச் தேடுவது பெரிய நஷ்டம். அது எனக்கு மிச்சமாயிற்று. தனியார் பைலட் லைசென்ஸுக்கு விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டி.ஜி.சி.ஏ. கேட்கும் 40 மணி நேரத்தில் வீட்டு நேரம் ஒரு நிமிடம்கூடச் சேராது, அது வேறு.

வாங்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் பெடல், அப்புறம் யோக், கடைசியில் பெரிய திரை. பலர் தலைகீழாக வாங்குகிறார்கள். கார் ஓட்டிப் பழகிய காலுக்கு மறக்கவேண்டியது நிறைய இருக்கிறது, அதற்கு நாள் பிடிக்கும். படம் சாதாரணமாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. கையில் காசு குறைவு என்றால் சாதா ஜாய்ஸ்டிக்கோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தில் ஒரே ஒரு மணி நேரம் நிஜ விமானத்தில் போய்விட்டு வாருங்கள். அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்தால், ஸ்பிரிங் சொல்லாத இடம் எது என்று கைக்குத் தெரியும். அந்த இடத்தை மனசு நிரப்பிக்கொள்ளும்.

என் அடுத்த பாடம் சனிக்கிழமை காலை ஆறரைக்கு. வெள்ளி ராத்திரி வீட்டில் நாலு சர்க்யூட் (ஏறி, திடலைச் சுற்றி வந்து இறங்குவது) ஓட்டுவேன். மானிட்டரில் வேகமானிக்கும் உயரமானிக்கும் மேல் இப்போது அட்டை ஒட்டியிருக்கிறது. பெடலின் நைலான் புஷ்ஷில் மறுபடி லேசாகப் பிளே வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் புதிதாக இரண்டு கடைந்துவிட வேண்டும்.