ஒயர் இயர்போனா, புளூடூத் பட்ஸா?

பாட்டுக் கேட்க எதை வாங்கலாம் என்று குழம்புகிறவர்களுக்காக இது.

விலை: ஒயர் சில நூறு ரூபாயிலேயே நன்றாகக் கேட்கும். பட்ஸில் அதே தரத்துக்குக் கூடுதலாகவே செலவாகும்.

உழைப்பு: ஒயருக்கு எமன், போனில் செருகும் பின் (pin) இருக்கும் முனை. மடிந்து மடிந்து உள்ளே கம்பி அறும். ஒரு காது மட்டும் கேட்கும், திருகிப் பிடித்தால் மறுபடி வரும். சால்டரிங் தெரிந்தவர் புது பின் போட்டுத் தருவார். பட்ஸுக்குள் குட்டி லித்தியம் பேட்டரி. வருடம் போகப் போகச் சார்ஜ் நிற்காது, பெரும்பாலான மாடல்களில் மாற்றவும் முடியாது. நல்ல ஸ்பீக்கரைப் பேட்டரிக்காகத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

தாமதம்: புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தும். வீடியோ ஆப்கள் அதைச் சரிக்கட்டிவிடும். கீபோர்டு வாசிப்பவருக்குத்தான் கை முந்தும், சத்தம் பிந்தும்.

வசதி: பஸ் நெரிசலிலும் நடைப்பயிற்சியிலும் பட்ஸ்தான்.

இசை பழகுபவர்களும் மணிக்கணக்கில் ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளைகளும் ஒயர் வாங்குங்கள். ஓடியாடுபவர்களுக்குப் பட்ஸ். 2016-ல் ஐபோன் 7 கைவிட்ட, இயர்போன் செருகும் 3.5 மி.மீ. துளை இன்று பல போன்களில் இல்லை. அப்படியானால் டைப்-சி பின் உள்ள ஒயர் இயர்போன் கேளுங்கள்.