அறுபதுகளின் ஜாக்கெட் என்று சொல்லி விற்றார்கள்

ஆன்லைனில் பழைய துணி வாங்குகிற மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை பணம் அனுப்பும் முன் ஐந்து நிமிடம் நிதானிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். 'வின்டேஜ்', 'ரேர்', '60ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் ஒரு பக்கம் எனக்கு ஒரு டெனிம் ஜாக்கெட்டையும் ஒரு கறுப்பு டி-சர்ட்டையும் தள்ளிவிட்டது. ஜாக்கெட் அவர்கள் சொன்ன வயதைவிட ரொம்பப் புதுசு. டி-சர்ட் உண்மையிலேயே பழசு, ஆனால் போட்டுக்கொள்ளவே முடியாத அளவுக்குப் பழசு. பகுதிநேர வேலையில் சேர்த்த காசு போனதுதான் மிச்சம்.

எனக்குப் பழைய துணி புதிதில்லை. என் அலமாரியில் பாதிக்கு மேல் யாரோ உடுத்தி விட்டுக்கொடுத்தவை. ஆண்களுக்குத் தைத்த தொளதொள சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட், மேலே ஏதாவது ஒரு கனமான ஜாக்கெட். கல்லூரியில் என்னைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய துணிக் குவியலில் கை விட்டு, கண்ணால் பார்க்கும் முன்பே விரலால் கம்பளியைக் கண்டுபிடிக்கிற சுகம் தனி. உலோக ஜிப் வைத்த ஒரு கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை அப்படித்தான் கிடைத்தது. லேபிள் கிழிந்து போயிருந்ததால், உள் தையலிலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். முடி கருகுகிற வாடை வந்து தானாக அணைந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. கம்பளி, சந்தேகமில்லை. பாலியஸ்டராக இருந்திருந்தால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றிருக்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை.

இந்தச் சோதனையெல்லாம் பொருள் கையில் இருந்தால்தான். போட்டோவை மோந்து பார்க்க முடியாது. இப்படி விற்பவர்களின் பிழைப்பே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

அந்தப் பக்கம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், மர ஹேங்கர், ஆளுயரக் கண்ணாடி. வாரம் ஒரு 'ட்ராப்', அதாவது புதுச் சரக்கை ஒரே நேரத்தில் மொத்தமாக விற்பனைக்கு விடுவது. முதலில் கேட்டவருக்கே பொருள், பேரம் கிடையாது. நான் கேட்ட ஜாக்கெட்டின் கீழே, லீவைஸ், 1960கள், 'பிக் ஈ' என்று எழுதியிருந்தார்கள். மார்புப் பாக்கெட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சிவப்புப் பட்டையைத்தான் அது குறிக்கிறது. பட்டையில் ஆங்கிலத்தில் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால், பொதுவாக அது 1971க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் இரண்டாவது எழுத்தான 'ஈ' சின்ன எழுத்தானது. சேகரிப்பவர்கள் இந்த ஒரே எழுத்துக்காக விலையைப் பல மடங்கு ஏற்றிக் கொடுப்பார்கள். ஏமாற்றுபவர்களுக்கும் அந்த ஒரு எழுத்து போதும்.

படத்தில் பட்டை பளிச்சென்று தெரிந்தது. உட்புறம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. உள்ளே லேபிள் இருக்கிறதா, பின்பக்கத் தையலைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "பழைய பீஸ்ங்க, லேபிள் எல்லாம் எப்பவோ தேஞ்சு போச்சு" என்று பதில் வந்தது. கூடவே, "இன்னும் மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க, சீக்கிரம் சொல்லுங்க." டி-சர்ட்டில் ஏதாவது குறை உண்டா என்று தனியாகக் கேட்டேன். "ஃப்ளாலெஸ் கண்டிஷன்." இந்த உரையாடல் முழுக்க என்னிடம் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிற செயலியிலேயே பணம் கட்டுகிறேன் என்று சொன்னதற்கு, கமிஷன் பிடிப்பார்கள், நேரடியாகப் போட்டால் தபால் செலவை நாங்களே ஏற்கிறோம் என்றார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புகாரை ஏற்க மாட்டோம் என்று நிபந்தனை வேறு. அப்படிக் கறாராகப் பேசினால் ஒழுங்கான வியாபாரி என்றுதானே யாருக்கும் தோன்றும்?

சரி, பார்சல் வந்தது. வீடியோவை ஓடவிட்டுப் பிரித்தேன். என் ரூம்மேட் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறாள். ஜாக்கெட்டை வாங்கி ஒரு தடவை உதறிவிட்டு நேராகப் பட்டைக்குப் போனாள். "இங்க பாருடி" என்று பாக்கெட்டின் ஓரத்தை மடக்கிக் காட்டினாள்.

அசல் ஜாக்கெட்டில் பாக்கெட்டைத் தைக்கும்போதே பட்டையைத் தையலுக்கு உள்ளே செருகிவிடுவார்கள். பாக்கெட்டைப் பிடித்திருக்கிற அதே தடித்த ஆரஞ்சு நூல்தான் பட்டையையும் பிடித்திருக்கும். என்னுடையதில் ஆரஞ்சுத் தையல் தன் பாட்டுக்கு ஓடியது. பட்டையை அதன் மேல் வைத்து, மெல்லிய பளபளப்பான சிவப்பு நூலால் கையில் நாலு குத்து குத்தியிருந்தார்கள். பின்பக்கம் முடிச்சு கூடத் தெரிந்தது. டெனிம் அங்கங்கே வெளுத்து நரைத்திருக்க, பட்டையில் மட்டும் ஒரு இழை சாயம் மங்கவில்லை. அத்தனை வருஷம் ஒன்றாகவே துவைபட்ட துணியும் பட்டையும் இப்படி இருக்க வழியே இல்லை. பழைய உடைகளிலிருந்து பிரித்த பட்டைகளும் போலிப் பட்டைகளும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன என்பதை அதற்கப்புறம்தான் தேடித் தெரிந்துகொண்டேன்.

பட்டையை விடுங்கள். ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் கை நுழைக்கச் சாய்வான பாக்கெட். அந்த மாடல் ஜாக்கெட்டில் அறுபதுகளில் மார்புப் பாக்கெட் இரண்டு மட்டும்தான். பக்கவாட்டுப் பாக்கெட் 1980களில் வந்து சேர்ந்தது. உட்புற இடது தையலில், கத்தரியால் ஒட்ட நறுக்கிய ஒரு வெள்ளை லேபிளின் விளிம்பு மட்டும் மிச்சமிருந்தது. 'தேஞ்சு போச்சு' என்று சொன்னது இதைத்தான். தேய்ந்த லேபிள் நார்நாராகப் பிரிந்திருக்கும், இப்படி நேர்க்கோட்டில் முடியாது. தவிர, அந்த இடத்தில் லேபிள் இருந்ததே அவர்களுக்கு எதிரான சாட்சி. துவைக்கும் முறையை நிரந்தர லேபிளாகத் தைக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972ல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபதுகளில் அமெரிக்காவில் தைத்த ஜாக்கெட்டுக்குள் அப்படி ஒன்று எதற்கு இருக்கப்போகிறது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரிய எழுத்துப் பட்டை அசலாகவே இருந்தாலும் ஜாக்கெட் பழசு என்று அர்த்தமில்லை. அந்த நிறுவனமே பழைய மாடல்களைத் திரும்பத் தைத்து, அதே பெரிய எழுத்தோடு இப்போதும் விற்கிறது. அவை நல்ல துணிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுபது வயது என்று சொல்லி அவற்றை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

டி-சர்ட்டின் கதை வேறு. கை ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒற்றைத் தையல் ஓடியது. 1990களின் நடுப்பகுதி வரை தைத்த டி-சர்ட்களில் அதுதான் சாதாரணம், அதற்குப் பிறகு இரட்டைத் தையல் பரவலாகிவிட்டது. (புதிதாக ஒற்றைத் தையலில் தைத்து, வெளுக்க வைத்து, பழசு என்று விற்பதும் உண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.) இது பழசேதான். தலை வழியாக மாட்டி, கையை உயர்த்தினேன். தோள்பட்டையில் காகிதம் கிழிகிற சத்தம். துணி கிழிகிற சத்தமே இல்லை. கிழிந்த ஓரத்தை விரலில் வைத்துத் தேய்த்தால் கறுப்பாகத் தூள் வந்தது. இன்னொரு இடத்தில் லேசாக இழுத்தேன், அங்கேயும் விட்டது.

'ட்ரை ராட்' என்று பழைய டி-சர்ட் சேகரிப்பவர்கள் பயந்து பேசுவது இதைத்தான். பருத்தியைக் கறுப்பாக்க அதிகம் பயன்படுவது கந்தகச் சாயம். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் வருஷக்கணக்கில் மூட்டையாகக் கிடந்தால், சாயத்திலிருக்கும் கந்தகம் மெல்ல மெல்ல அமிலமாகி இழையை உள்ளேயிருந்தே அரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நிறம் அப்படியே இருக்கும், அச்சு அப்படியே இருக்கும். யாரும் போடாமல் கிடந்த சட்டைக்குத்தான் இது அதிகம் வருகிறது என்பதால், 'ஒரு தடவைகூடப் போடாதது' என்ற விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது உஷார் வந்துவிடுகிறது. துவைத்தாலும் தைத்தாலும் சரியாகாது. விற்பவர்களுக்கு இது தெரியாமல் போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் முதுகுப்பக்கம் உள்ளே, இரண்டு விரல் அகலத்துக்கு இஸ்திரிபோட்டு ஒட்டும் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. அதாவது ஒருமுறை கிழிந்து, ஒட்டுப்போட்டு, அதற்குமேல் 'ஃப்ளாலெஸ்'.

வீடியோ, படங்கள், அவர்கள் எழுதிய விவரம் எல்லாவற்றையும் அனுப்பினேன். முதல் பதில் மரியாதையாகத்தான் வந்தது: "வின்டேஜ்னா அப்படித்தாங்க இருக்கும்." பட்டையின் தையலைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடி வச்சிருந்தவங்க தச்சிருப்பாங்க." அப்படியென்றால் அறுபதுகள் என்று நீங்கள் எப்படிச் சொன்னீர்கள்? பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "நோ ரிட்டர்ன்னு பக்கத்துலயே போட்டிருக்கோம். சும்மா தொந்தரவு பண்ணாதீங்க." அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அந்த 'நோ ரிட்டர்ன்' அறிவிப்பு ஒருநாளில் மறைந்துபோகும் ஸ்டோரியில் எப்போதோ போட்டதாம். மறுக்கவே முடியாதபடி வீடியோ இருந்ததே என்று கேட்காதீர்கள், அதை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

செயலியில் புகார் கொடுத்தேன். பரிவர்த்தனை செயலிக்கு வெளியே நடந்ததால் தங்கள் வாங்குவோர் பாதுகாப்பு பொருந்தாது என்று தானியங்கிப் பதில் வந்தது. வங்கியில், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். கமிஷன் மிச்சம் என்ற பேச்சின் மர்மம் இப்போது புரிந்திருக்கும். கார்டு மூலமோ செயலியின் சொந்த வழியிலோ கட்டியிருந்தால், பொருள் விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வழக்குப் போட ஒரு கதவாவது திறந்திருக்கும். தபால் செலவை விட்டுக்கொடுத்து அந்தக் கதவை மூடிவிடுகிறார்கள். நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் பணம் அனுப்பும் வசதியில் போடச் சொல்வதும் இதே தந்திரம்தான். எந்தப் பெயரில் கேட்டாலும், முகம் தெரியாதவருக்கு அந்த வழியில் அனுப்பாதீர்கள்.

இப்போது நான் யாரிடம் வாங்கினாலும் முதலில் உட்புறப் படம் கேட்கிறேன். கழுத்து லேபிள், பக்கவாட்டு லேபிள், பட்டனின் பின்புறம், ஒரு தையல் ஓரம். லேபிளில் ஆர்.என். என்று எண் இருந்தால், அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடி எந்த நிறுவனத்துடையது என்று பார்க்கலாம். அது நிறுவனத்துக்குக் கொடுத்த எண், உடை தைத்த ஆண்டைச் சொல்லாது. ஆனாலும் சொல்கிற பிராண்டும் எண்ணுக்குரிய நிறுவனமும் சம்பந்தமே இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். லேபிளில் இணையதள முகவரி அச்சிட்டிருந்தால் அது எழுபதுகளின் உடை இல்லை என்று சொல்ல நிபுணர் தேவையில்லை. அப்படியும் எழுபதுகள் என்று விற்கிறார்கள்!

அளவையும் எழுதித்தான் வாங்குகிறேன். அக்குளிலிருந்து அக்குள் வரை, தோள், கை நீளம், மொத்த நீளம், தரையில் விரித்து டேப் வைத்து எடுத்த படத்தோடு. பழைய உடையில் லேபிள் அளவை நம்பவே முடியாது. அமெரிக்காவில் 1958ல் வெளியிட்ட பெண்கள் உடை அளவுப் பட்டியலில் 8 என்றால் மார்பு 31 அங்குலம். இன்றைய கடையில் 8 போடுகிறவருக்கு அது கையோடு நின்றுவிடும். கறுப்புப் பருத்தி என்றால், இரண்டு கையாலும் துணியைப் பிடித்து மெதுவாக இழுக்கிற ஒரு குட்டி வீடியோ கேட்கிறேன். நல்ல வியாபாரிகள் சிரித்துக்கொண்டே எடுத்து அனுப்புகிறார்கள். ஒருவர் நான் கேட்காமலேயே அக்குள் கறையைப் பெரிதாக்கிக் காட்டினார். அவரிடம்தான் இப்போது அடிக்கடி வாங்குகிறேன்.

அந்தப் பக்கத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம், எழுதிப் பயனில்லை. பழைய பெயர் மறைந்துவிட்டது. ஆனால் அண்மையில் வேறொரு பெயரில் ஒரு 'ட்ராப்' கண்ணில் பட்டது. அதே மஞ்சள் வெளிச்சம், அதே ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் கீழ் இடது மூலையில் முக்கோணமாக ஒரு சில்லு உடைந்திருக்கும், பழைய படங்களிலும் அது உண்டு. பாராட்டுகள் என்று தொகுத்து வைத்திருப்பவை எல்லாம் பெயர் மறைத்த ஸ்கிரீன்ஷாட்கள். கருத்து எழுதும் வசதியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்த முறை விற்பனைக்கு இருப்பது ஐம்பதுகளின் ஜாக்கெட்டாம். என் தோழியின் கணக்கிலிருந்து உட்புறப் படம் கேட்டோம். பழைய பீஸ் என்பதால் லேபிள் தேய்ந்துவிட்டதாம், இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டு பக்கங்களின் படங்களையும் அருகருகே வைத்துச் செயலிக்கு மறுபடி புகார் அனுப்பியிருக்கிறேன். இதே பக்கத்தில் ஏமாந்தவர்கள் உங்கள் புகாரையும் தனியாகப் பதிவு செய்யுங்கள், பணம் போட்ட கணக்கு விவரத்தையும் அதில் சேருங்கள். பக்கத்தின் பெயர் மாறினாலும் பணம் போய்ச் சேருகிற கணக்கு ஒன்றுதானா என்று அப்போதுதான் தெரியவரும்.