டி.எச்.எஃப் உலர்த்த எது: சோடியம் ஸ்டில்லா, சீவ்ஸா?

பெங்களூரு லேபில் புதிதாகச் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு சீனியர்கள் பெருமையோடு காட்டுவது அந்த நீலக் குடுவையைத்தான். சோடியமும் பென்சோபீனோனும் போட்டுக் கொதிக்கவைத்து வடிக்கும் டி.எச்.எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்). இதுதான் சோடியம் ஸ்டில். நீலம் வந்துவிட்டால் ஈரமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அது தப்பு.

2010இல் வில்லியம்ஸ், லாட்டன் என்ற ஆய்வாளர்கள் கார்ல் ஃபிஷர் முறையில் (கரைப்பானில் உள்ள தண்ணீரை அளக்கும் சோதனை) அளந்து பார்த்தார்கள். சுமார் 107 பிபிஎம் (பத்து லட்சத்தில் 107 பங்கு) தண்ணீர் இருந்த டி.எச்.எஃப், சோடியம் ஸ்டில்லில் 48 மணி நேரத்துக்குப் பிறகும் 43இல் நின்றது. லிட்டருக்கு 200 கிராம் என்று 3 ஆங்ஸ்ட்ராம் சீவ்ஸ் (நுண்துளைகளில் தண்ணீரை உறிஞ்சும் மணிகள்) போட்டு வைத்தது, அதே நேரத்தில் 6க்கு இறங்கியது. 43 பிபிஎம் சின்ன எண்தானே என்று தோன்றும். 100 மில்லி டி.எச்.எஃப்பில் அது 0.21 மில்லிமோல் தண்ணீர். தண்ணீர் பட்டால் அழியும் பியூட்டைல் லித்தியத்தை 1 மில்லிமோல் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

சீவ்ஸ் சொதப்புவது பெரும்பாலும் ஆக்டிவேஷனில்தான், அதாவது சூடாக்கி அதன் ஈரத்தைப் போக்குவதில். கண்ணாடிச் சாமான் காயவைக்கும் 120 டிகிரி ஓவன் போதாது. 300 டிகிரியில் 24 மணி நேரம் வேண்டும். எடுத்ததும் வேக்கத்திலோ ஆர்கானிலோ ஆறவிடுங்கள். ஜூலை மழைக்காற்றில் திறந்து வைத்தால் உழைப்பெல்லாம் வீண். மேக்னட் போட்டுக் கலக்கினால் மணிகள் பொடியாகும். கரைப்பானில் ஊறிய பழைய சீவ்ஸை நேராக ஓவனில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஸ்டில்லுக்கு ஒரு நல்லது உண்டு: ஆக்ஸிஜனையும் சேர்த்து எடுத்துவிடும். சீவ்ஸ் எடுக்காது, அரை மணி நேரம் ஆர்கான் குமிழ விடவேண்டும். பெராக்சைடு சேராமல் தடுக்கும் பி.எச்.டி (BHT) ஸ்டெபிலைசரும் சீவ்ஸில் உலர்த்திய டி.எச்.எஃப்பில் அப்படியே இருக்கும். வடித்த டி.எச்.எஃப்பில் அது இல்லாததால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சீக்கிரம் சேரும், ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்காமல் தொடாதீர்கள். கரைப்பானை ஓடவிட்டு உலர்த்தும் அலுமினா குழாய் (column) வாங்க வசதியிருந்தால் அதுவும் நல்ல வழியே.

ஆனாலும் ஸ்டில்லை ராத்திரி முழுக்க ஓடவிடுவதை ஏற்கவே முடியாது. கண்டென்சர் குழாயில் தண்ணீர் நின்றால் (2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தை பெங்களூரு மறந்திருக்காது) 66 டிகிரியில் கொதிக்கும் ஆவி லேபுக்குள் வரும், கீழே சோடியம். யாராவது தெரியாமல் டைக்ளோரோமீத்தேனை அதில் ஊற்றிவிட்டால் வெடிக்கும்.

இருக்கிற ஸ்டில்லை மூடுவதென்றால், ஆறவிட்டு, ஐஸில் வைத்து, ஆர்கான் ஓட்டத்தில் டொலுவீன் விட்டு நீர்க்கச் செய்து, சோடியத்தை அழிக்க ஐசோபுரோப்பனால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். குமிழ் நின்றபின் எத்தனால். மேலே வெள்ளை ஓடு கட்டிய கட்டிக்குள் சோடியம் உயிரோடு இருக்கும். ராத்திரி முழுக்கக் கலக்கி, கட்டியெல்லாம் கரைந்த பிறகே தண்ணீர். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சோடியத் தீக்கு உதவாது.