சிறு குழந்தைகளுடன் எந்தக் கோட்டைக்குச் செல்வது? லண்டன் டவர், போடியம், வாரிக், கான்வி

பிரிட்டனில் குழந்தைகளுக்கு ஓர் இடைக்காலக் கோட்டையைக் காட்ட விரும்பும் பெற்றோர் பெரும்பாலும் புகழைப் பார்த்தே இடத்தை முடிவுசெய்கிறார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தப் புகழ் ஒரு பொருட்டே அல்ல. ஓடியாட இடம் இருக்கிறதா, சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா, படிகள் ஏறும்படி இருக்கின்றனவா, பசித்தால் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, அவசரத்துக்குக் கழிப்பறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவைதான் அந்த நாள் நல்லபடியாகக் கழியுமா, அழுகையில் முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கண்ணோட்டத்தில் லண்டன் டவர், கிழக்கு சசெக்ஸில் உள்ள போடியம், நடு இங்கிலாந்தில் உள்ள வாரிக், வட வேல்ஸில் உள்ள கான்வி ஆகிய நான்கையும் இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கூரையும் அறைகலன்களும் காட்சிப்பொருள்களும் நிறைந்த கோட்டையைவிட, கூரை போய் உள்ளே புல் முளைத்துக் கிடக்கும் கோட்டையே சிறு குழந்தைகளுக்கு ஏற்றது.

லண்டன் டவரின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தை 1070-களில் வெற்றிவீரர் வில்லியம் கட்டத் தொடங்கினார். போய்ச்சேரும் வசதியில் மற்ற மூன்றும் இதற்கு ஈடாகா. டவர் ஹில் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தாலே மதில் கண்ணில் படும். ஆனால் இங்கே பெரியவர்கள் பார்க்க நினைப்பதும் குழந்தைகள் பார்க்க நினைப்பதும் வேறு வேறு. கோஹினூர் பதித்த மகுடத்தைப் பார்க்காமல் திரும்ப நமக்கு மனம் வராது. அதற்காக விடுமுறை நாள்களில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் மகுடங்களுக்கு முன்னால் வந்ததும் நகரும் தரைப்பட்டை நம்மை நிற்கவிடாமல் கடத்திக்கொண்டு போய்விடும். நான்கு வயதுக் குழந்தைக்கு மகுடத்தைவிட அந்த நகரும் தரைதான் பிடித்துப்போகும், இன்னொரு முறை ஏற வேண்டும் என்று கேட்கும்.

அங்கே குழந்தைகளுக்கு உண்மையிலேயே பிடித்தவை அண்டங்காக்கைகள். குறைந்தது ஆறு அண்டங்காக்கைகளாவது கோட்டையில் இருக்க வேண்டும், அவை பறந்து போனால் அரசு வீழ்ந்துவிடும் என்ற கதையை இரண்டாம் சார்லஸ் மன்னரின் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அவை அங்கே வளர்க்கப்பட்டதற்கான சான்றுகளோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் கிடைக்கின்றன. கதை பழையதோ புதியதோ, பறவை என்னவோ நிஜம்: நம் ஊர்க் காக்கையைக் காட்டிலும் மிகப் பெரியது, பச்சை இறைச்சியும் இரத்தத்தில் ஊறவைத்த பிஸ்கட்டும் தின்பது, விரலை நீட்டினால் கொத்தக்கூடியது. அதனால் குழந்தையின் கையில் தின்பண்டம் இருக்கும்போது அருகே செல்ல விடக்கூடாது. நுழைவாயிலுக்கு அருகில், ஒரு காலத்தில் அரசரின் விலங்குக்கூடம் இருந்த இடத்தைக் கடக்கும்போது சொல்லவும் ஒரு கதை இருக்கிறது. 1252-இல் நார்வே மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு வெள்ளைக் கரடியை அனுப்பினார். சங்கிலியும் நீண்ட கயிறும் கட்டி அதைத் தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்க விட்டார்கள். 1255-இல் பிரெஞ்சு மன்னரிடமிருந்து ஒரு யானையும் வந்தது. 1830-களில் விலங்குகள் ரீஜென்ட்ஸ் பூங்காவில் உள்ள விலங்குக்காட்சிசாலைக்கு மாற்றப்பட்டன. ஐந்து வயதுக் குழந்தைக்கு டவரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். 1483-இல் காணாமற்போன இரண்டு இளவரசர்களின் கதையையும், சித்திரவதைக் கருவிகளின் காட்சியையும் தவிர்ப்பதே நல்லது. டவரின் சீருடைக் காவலர்கள் நடத்தும் சுற்றுலா பெரியவர்களுக்குச் சுவையானது என்றாலும், அதில் தலைவெட்டுக் கதைகளே மிகுதி; அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று கேட்கக் குழந்தையால் முடியாது.

போடியம் இதற்கு நேர்மாறானது. மகுடம் இல்லை, மெழுகுச் சிலை இல்லை, உள்ளே கூரைகூட இல்லை. பிரெஞ்சுப் படையெடுப்பு அச்சத்தின்போது, 1385-இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரிடம் அனுமதி பெற்று சர் எட்வர்ட் டாலிங்ரிக் என்ற வீரர் இதைக் கட்டினார்; 1917-இல் கர்சன் பிரபு, அதாவது நம் பாடநூல்களில் வங்கப் பிரிவினையோடு வரும் அதே கர்சன், இதை வாங்கிச் செப்பனிட்டு, இறக்கும்போது பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார். நான்கு மூலைகளிலும் வட்டக் கோபுரம், சுற்றிலும் அகன்ற அகழி, நடுவே நீண்ட பாலம் என்று குழந்தைகள் தாளில் வரையும் கோட்டை எப்படியிருக்குமோ அப்படியே இருக்கிறது. வந்ததும் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பாலத்தைக் கடந்து வாயில் கோபுரத்தின் கீழே நின்று குழந்தையை மேலே பார்க்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே, இறங்க மறந்ததுபோல, இரும்பு பூண் போட்ட பழைய மரக்கதவின் கூர்முனைகள் தெரியும். மற்ற கோட்டைகளில் இத்தகைய கதவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில் இங்கே பழைய மரமே நிற்கிறது. கூரை வளைவில் எதிரிகள்மீது பொருள்களைக் கொட்டுவதற்கான துளைகளும் இருக்கின்றன. உள்ளே சென்றால் சுவரில் பதிந்த அடுப்படிகளும் சன்னல் மாடங்களும் புல்தரை நடுவே நிற்கின்றன. சமையலறை எது, கூடம் எது என்று குழந்தைகளே ஊகித்து விளையாடலாம், தொடாதே என்று அதட்ட யாரும் வரமாட்டார்கள். எல்லாவற்றையும்விட அவர்களைச் சிரிக்கவைப்பது, சுவர்களுக்குள் கட்டப்பட்ட இருபத்தெட்டு கழிப்பறைகளும் நேராக அகழியில் கழிவைக் கொட்டின என்ற செய்தி. அந்த அகழியில் இன்று பெரிய கெண்டை மீன்களும் வாத்துகளும் நீந்துகின்றன.

போடியத்தின் குறையும் அந்த அகழிதான். பாலத்தில் தடுப்பு உண்டு, கரையிலோ புல்வெளி நேராக நீருக்குள் சரிகிறது. நடை பழகும் வயதுக் குழந்தை இருந்தால், கோட்டையைச் சுற்றி நடக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவரின் கை அந்தக் குழந்தைக்கே. இக்காலக் கழிப்பறை கோட்டைக்குள் இல்லை, வாகனம் நிறுத்துமிடத்தின் பக்கம் இருக்கிறது. ஆகவே பாலத்தைக் கடப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும். லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள் ராபர்ட்ஸ்பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். கார் இருந்தால் டென்டர்டன் ஊரில் அதை விட்டுவிட்டு, அங்கிருந்து போடியம் வரை ஓடும் பழைய நீராவி ரயிலில் வருவது இன்னும் நல்லது. அது எல்லா நாளும் ஓடுவதில்லை என்பதால் அட்டவணையைப் பார்த்து நாளைக் குறியுங்கள். சில குழந்தைகளுக்குக் கோட்டையைவிட ரயிலே பெரிய நிகழ்ச்சியாகிவிடும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

நான்கிற்கும் பொதுவான இடர் சுழற்படிக்கட்டு. ஒவ்வொரு படியும் நடுத்தூணின் அருகே மிகக் குறுகி, வெளிச்சுவர்ப் பக்கம் அகன்றிருக்கும். குழந்தையோ பற்றிக்கொள்வதற்கு நடுத்தூணையே நாடும். அங்கே அதன் சிறிய பாதத்துக்குக்கூட இடம் போதாது. வெளிச்சுவரை ஒட்டி ஏறச் சொல்லிப் பெரியவர் பின்னால் வர வேண்டும்; இறங்கும்போது பெரியவர் முன்னால் செல்ல வேண்டும். தள்ளுவண்டியைக் கீழேயே விட்டுவிட்டுக் கைக்குழந்தையை மார்பில் கட்டிச் சுமக்கும் பை ஒன்றைக் கொண்டுபோவது இன்றியமையாதது. காவல் வீரர் வலக்கையால் வாள் வீசுவதற்காகவே படிகள் வலப்புறமாகச் சுழல்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை, ஆனாலும் குழந்தையை ஏறவைக்க நல்ல கதை.

வாரிக் கோட்டையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 1068-இல் தொடங்கிய உண்மையான கோட்டைதான். 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த கைஸ் (Guy's) கோபுரமும் சீசர் கோபுரமும் நிகரற்றவை. 1978-இல், மெழுகுச் சிலைக் காட்சிக்குப் பெயர்போன டுசோ நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு அது பாதி கேளிக்கைப் பூங்காவாகிவிட்டது. பருந்துகளும் கழுகுகளும் தலைக்கு மேல் பறக்கும் காட்சி, தோட்டத்தில் மயில்கள், கோடையில் குதிரைவீரர் போட்டி என்று ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களை நாள் முழுக்கக் கட்டிப்போடும். ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் நேரம் உண்டு. தூங்கும் நேரமும் உண்ணும் நேரமும் தானே முடிவுசெய்யும் மூன்று வயதுக் குழந்தையுடன் அந்த அட்டவணையைத் துரத்துவது வேதனை. இருட்டறையில் நடிகர்கள் பயமுறுத்தும் பாதாளச் சிறைக் காட்சி சிறியவர்களுக்கானதே அல்ல. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் விலை குறையும். வாயிலில் வாங்கினால் நால்வர் குடும்பத்துக்குக் கை கடிக்கும்.

கான்வி, வேல்ஸை வென்ற முதலாம் எட்வர்ட் 1283 முதல் 1287 வரையான நான்கே ஆண்டுகளில் பாறைமேல் எழுப்பிய கோட்டை. எட்டுக் கோபுரங்கள், கூரையற்ற பெருங்கூடம், கீழே ஆற்று முகத்துவாரம். ரயில் நிலையமும் சில நிமிட நடையில். ஏழு, எட்டு வயதில் ஏறுவதே இன்பமாக இருக்கும் குழந்தைக்கு நான்கிலும் இதுவே முதலிடம். ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்கு மதில்மேலேயே நடக்கலாம். கோட்டையை முடித்தபின், ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள ஊர்மதிலின் பெரும்பகுதியிலும் நடந்து வீடுகளின் கூரைகளை மேலிருந்து பார்க்கலாம். அதே காரணத்தால் இரண்டு, மூன்று வயதுக்கு இது கடினம். மதில்மேல் கைப்பிடிக் கம்பிகள் உண்டு என்றாலும் உயரம் மிகுதி, கடற்காற்றும் பலமாக அடிக்கும், மழை பெய்தால் கற்படிகள் வழுக்கும்.

வீட்டில் ஏழு வயதும் இரண்டு வயதுமாக இரண்டு குழந்தைகள் இருந்தால் கான்விக்கு இரண்டு பெரியவர்களாவது போக வேண்டும்: ஒருவர் பெரியதை அழைத்துக்கொண்டு மதிலேற, மற்றவர் சிறியதோடு உள்முற்றத்தில் இருந்துவிட்டு, பிறகு கீழே இறங்கிப் படகுத்துறையில் சேர்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு பெரியவர்தான் என்றால் போடியம். வாத்துகளுக்குக் கிட்டே போகும்போது மட்டும் இரண்டு கைகளிலும் இரண்டு குழந்தைகள். லண்டனை விட்டு நகர வழியில்லாதவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே டவருக்குப் போய், பெரியவர்களின் ஆசைக்காக மகுடங்களின் வரிசையை முதலில் முடித்துவிட்டு, கூட்டம் சேர்வதற்குள் அண்டங்காக்கைகளிடம் வந்துவிடலாம்.