ரிமோட்டும் லேப்டாப்பும் வைத்து மேடையை ஓட்டுவது: நெடுநாள் அனுபவம்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் நாட்டிய நாடகம், பள்ளி ஆண்டு விழா, கோயில் விழா என்று எங்கள் குழு போகிற மேடைகளில் ஒலியும் விளக்கும் என் பொறுப்பு. சில வருடங்களாகவே எல்லாக் கியூவும், அதாவது பாட்டோ சத்தமோ விளக்கோ மாற வேண்டிய ஒவ்வொரு தருணமும், ஒரே லேப்டாப்பிலிருந்துதான் போகிறது. அதைத் தட்டுவது பெரும்பாலும் கையில் அடங்குகிற ஒரு ரிமோட். இதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்த ரிமோட் வாங்கலாம்?" என்பதைத்தான். ரிமோட் எதுவானாலும் சரி, ரிசீவரை (லேப்டாப்பின் யுஎஸ்பியில் செருகுகிற சின்னத் துண்டு) எங்கே வைக்கிறீர்கள், அந்தப் பொத்தான் லேப்டாப்புக்கு எந்த விசையை அனுப்புகிறது, இந்த இரண்டும்தான் நிகழ்ச்சியைக் காப்பாற்றும் என்பதே என் பதில். விலை கூடிய ரிமோட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியைக் கேபிளுக்குச் செலவழியுங்கள்.

ரிமோட் எதற்கு, மேசையில் உட்கார்ந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். மைக் செட்காரர் மேசை பந்தலின் கடைசியிலோ ஓரத்திலோதான் கிடைக்கும். ஒத்திகையில் அங்கிருந்து மேடை முழுக்கத் தெரியும். நிகழ்ச்சி ஆரம்பித்ததும் வீடியோ எடுப்பவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள், பிள்ளை ஆடுவதைப் பிடிக்க அப்பா அம்மாக்கள் செல்போனைத் தூக்குவார்கள், கடைசி வரிசை நாற்காலி மேலேயே ஏறிவிடும். எங்கள் பிரகலாதன் நாடகத்தில் இரணியன் கதாயுதத்தால் தூணை அடிக்கிற நொடியில் தூண் பிளக்கிற சத்தமும் சிவப்பு வெளிச்சமும் சேர்ந்து வர வேண்டும். அரை நொடி பிந்தினால் அந்தக் காட்சி செத்துப்போச்சு. சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், நிற்கிறவருக்கு இரணியன் கை ஓங்கும்போதே தெரிந்துவிடும், பொத்தான் அவர் கையில் இருப்பதுதான் முறை.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக் வைத்திருந்தால் கியூலேப், இரண்டு சேனல் ஒலிக்கு அதன் இலவசப் பதிப்பே போதும். விண்டோஸ் என்றால் மல்டிபிளே இலவசம். நான் இப்போது நிலையாக வைத்திருப்பது பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, அதில் லினக்ஸ் ஷோ பிளேயர். விளக்குக்குக் கியூஎல்சி பிளஸ், அதுவும் இலவசம்தான், யுஎஸ்பி வழியாக, விளக்குகளுக்குக் கட்டளை அனுப்புகிற டிஎம்எக்ஸ் பெட்டிக்குப் போகிறது. இரண்டையும் ஒரே லேப்டாப்பில் ஓட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. ரிமோட்டிலிருந்து வரும் விசை அந்த நேரத்தில் திரையில் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குத்தான் போகும், ஆகவே பாட்டு நகர்ந்து விளக்கு நிற்கும், இல்லை விளக்கு நகர்ந்து பாட்டு நிற்கும். வழி என்னவென்றால், ரிமோட் ஒலி மென்பொருளை மட்டும் தட்டட்டும், அந்தக் கியூவோடு சேர்த்து ஒரு மிடி செய்தி (இசைக் கருவிகளும் மென்பொருள்களும் ஒன்றுக்கொன்று அனுப்புகிற கட்டளை) உள்ளுக்குள்ளேயே போய் கியூஎல்சி பிளஸ்ஸை நகர்த்தட்டும். அமைக்க ஒரு மாலை நேரம் பிடிக்கும், அப்புறம் ஒரே பொத்தானில் தூணும் பிளக்கும் வெளிச்சமும் மாறும்.

இனி விசைகள். பிரசென்டேஷன் ரிமோட் என்பது லேப்டாப்பைப் பொறுத்தவரை நாலைந்து விசை மட்டும் உள்ள கீபோர்டு, அவ்வளவுதான். லாஜிடெக் ஆர்400 மாதிரியானவற்றில் முன்னே போகும் பொத்தான் பேஜ் டவுன் அனுப்பும், பின்னே போவது பேஜ் அப். ஸ்லைடு ஷோவைத் தொடங்கும் பொத்தான் ஒரு தடவை எஃப்5, மறு தடவை எஸ்கேப் என்று மாற்றி மாற்றி அனுப்பும், திரையைக் கறுப்பாக்குவது வெறும் புள்ளி. ஸ்லைடு காட்டுகிற பேராசிரியருக்கு இதெல்லாம் வசதி. மேடையில் அந்த எஸ்கேப் பெரிய ஆபத்து. கியூலேபில் எஸ்கேப் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனையும் சில நொடிகளில் தணிந்து அடங்கிவிடும், அடுத்தடுத்து இரண்டு தடவை வந்தால் பட்டென்று நிற்கும். திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளி மேடையில் குழந்தைகள் கும்மி அடித்துக்கொண்டிருந்தபோது பாதிப் பாட்டில் எல்லாம் அடங்கிப்போனதைப் பார்த்தேன். ரிமோட் பிடித்திருந்த ஆசிரியரின் கட்டைவிரல் கொஞ்சம் தள்ளிப் பட்டதுதான் காரணம். குழந்தைகள் நிற்காமல் கை தட்டியே முடித்தார்கள், அது வேறு விஷயம்.

அதனால் ரிமோட் வாங்கியதும் முதல் வேலை, ஒரு வெற்று நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பொத்தானும் என்ன அனுப்புகிறது என்று பார்ப்பது. வேண்டாத பொத்தான்களின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வெட்டி வைத்து, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். வெறும் டேப் போதாது, அதன் மேலேயே விரல் அழுத்தும். லேசர் பொத்தானுக்கும் அதே வைத்தியம், இருட்டில் சிவப்புப் புள்ளி மேடையில் அலைந்தால் அசிங்கம், எதிரே உள்ளவர் கண்ணில் பட்டால் கெடுதல். மென்பொருளிலும் அடைக்கலாம். மேக்கில் காராபைனர் எலிமென்ட்ஸ் குறிப்பிட்ட ஒரு கருவியின் விசைகளை மட்டும் மாற்றித் தரும். விண்டோஸில் ஆட்டோஹாட்கீ இருக்கிறது, ஆனால் விசை ரிமோட்டிலிருந்து வந்ததா லேப்டாப்பிலிருந்து வந்ததா என்று அது தானாகப் பிரித்துப் பார்க்காது, எஸ்கேப்பை அடைத்தால் லேப்டாப்பின் எஸ்கேப்பும் சேர்ந்து போய்விடும், அவசரத்தில் நிறுத்த வேறு விசை வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, பதற்றத்தில் யாராவது இரண்டு தடவை அழுத்துவார்கள். இது நடக்காத குழு கிடையாது. கியூலேபில் ஒரு 'கோ'வுக்கும் (கியூவைத் தொடங்குகிற தட்டு) அடுத்த 'கோ'வுக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரத்தை வைக்க ஒரு அமைப்பு உண்டு. ஒரு நொடி வைத்தால் பெரும்பாலான நாடகத்துக்குச் சரியாக இருக்கும்.

ரிசீவர் விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் நான் பார்த்த ரிமோட் கோளாறுகளில் முக்கால்வாசி இங்கேதான். ஆர்400 பெட்டியில் சுமார் 15 மீட்டர் என்று போட்டிருக்கும், லாஜிடெக் ஸ்பாட்லைட்டில் 30 மீட்டர். காலி மண்டபத்தில் இந்தக் கணக்கு உண்மைதான், சில சமயம் கூடவே எட்டும். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கணக்கு மாறிவிடும். இந்த ரிமோட்டுகள் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். நடுவில் முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பது என்பது நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிற மாதிரி. போதாததற்கு அத்தனை பேர் சட்டைப் பையிலும் புளூடூத், ஹாட்ஸ்பாட், மண்டபத்தின் வைஃபை, நேரலை எடுப்பவர்களின் ரூட்டர், எல்லாம் அதே அலைவரிசையில். மாலை நாலு மணி ஒத்திகையில் ஒழுங்காக இருந்த ரிமோட் ஏழு மணிக்கு ஏன் தவறுகிறது என்பதற்கு இதுதான் விடை.

லேப்டாப்புக்குள்ளேயே ஒரு எதிரி இருக்கிறது. நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய டிரைவும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இரைச்சல் கிளப்பும். 2012இல் இன்டெல் இதை அளந்தே ஒரு அறிக்கை வெளியிட்டது. பாட்டு இருக்கிற பென் டிரைவையும் ரிமோட்டின் ரிசீவரையும் பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் செருகுவதைவிட மோசமான இடம் வேறில்லை. பாட்டையெல்லாம் லேப்டாப்புக்குள் ஏற்றிவிட்டு டிரைவைக் கழற்றிவிடுங்கள். ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு, பந்தல் மூங்கிலில் ஆள் தலைக்கு மேலே ரிமோட் பிடிப்பவரை நேராகப் பார்க்கிற மாதிரி கட்டுங்கள். சாதாரண யுஎஸ்பி கேபிளை 5 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள், அதற்கு மேல் வேண்டுமென்றால் உள்ளே ரிப்பீட்டர் உள்ள கேபிள் வாங்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, விலை குறைந்த ரிமோட் ஒன்றே எனக்குக் கூட்டம் நிறைந்த மண்டபத்திலும் தடுமாறாமல் ஓடுகிறது.

இன்னும் நல்ல வழி லேப்டாப்பையே சைடு விங்குக்குக் கொண்டுபோய்விட்டு, அங்கிருந்து ஆடியோ கேபிளை மைக் செட் மேசைக்கு இழுப்பது. இதைச் சொன்னால் செட்காரர் முகம் சுளிப்பார். "தம்பி, இவ்வளவு தூரம் கேபிள் இழுத்தா ஹம்மிங் வரும்" என்பார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்கில், மிக்சர் இன்னொரு லைனில், நடுவில் ஜெனரேட்டர் என்று இருந்தால் ஊங் என்று ஒரு இரைச்சல் கிளம்பும். அந்த இரைச்சலைத் தடுக்க, மின் இணைப்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்துகிற, டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை நான் என் பையிலேயே வைத்திருக்கிறேன். "அண்ணே, இதை நடுவில போட்டுப் பாருங்க" என்று கொடுத்தால் அவரே அடுத்த நிகழ்ச்சிக்கு ஒன்று வாங்கிவிடுவார். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற இடைவெளியில் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் யுஎஸ்பி டிஎம்எக்ஸ் பெட்டியிலிருந்து போகிற விளக்கெல்லாம் அணைந்துதான் வரும், அதற்கு ரிமோட் ஒன்றும் செய்ய முடியாது.

கோயில் மேடை தனிக் கதை. மகா சிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழா இன்று தஞ்சைப் பெரிய கோயில், கும்பகோணம், மயிலாடுதுறை, திருநள்ளாறு, நாகப்பட்டினம் என்று பல இடங்களில் நடக்கிறது. குழு குழுவாக வருவார்கள், ஆளுக்கு ஒரு பென் டிரைவ், ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரம்தான். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்குள் பாட்டை எடுத்துச் சேர்த்துவிட வேண்டும். இந்த மாதிரி இடத்தில் ரிமோட்டை நான் வெளியிலேயே எடுப்பதில்லை. யார் பாட்டு எப்போது தொடங்கும் என்பதை ஆடுகிறவர் தலையசைத்துச் சொல்கிறார், நான் கீபோர்டைத் தட்டுகிறேன், அது போதும். பழக்கமில்லாத குழுவிடம் ரிமோட்டைக் கொடுப்பது அவர்களுக்கும் பாரம். ரிமோட் என்பது சேர்ந்து ஒத்திகை பார்த்த குழுவுக்கு மட்டுமே.

தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துகிற நட்டுவனாருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. நேரடிப் பாட்டும் நட்டுவாங்கமும் இருந்து, நடுவில் இடி, சங்கு, விளக்கு மாற்றம் மட்டும் லேப்டாப்பில் வருகிற நிகழ்ச்சியில், எந்த ஜதியின் எந்த முடிவில் அது விழ வேண்டும் என்பதை அவரைவிட நுட்பமாக அறிந்தவர் யாருமில்லை. ஆனால் அவருடைய இரண்டு கையிலும் தாளம். அதற்குக் கால் பெடல் அருமையான தீர்வு, இசைக்கலைஞர்கள் டேப்லெட்டில் பக்கம் திருப்ப வைத்திருக்கிற அதே வகை. அதுவும் பேஜ் டவுன், அம்புக்குறி மாதிரி விசைகளைத்தான் அனுப்பும். சம்மணம் போட்டு உட்காருகிறவருக்குப் பெடலை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, கை மணிக்கட்டால் தொடுகிற மாதிரி அமைத்தோம். ஜதியை முடிக்கிற தீர்மானத்தின் கடைசித் தட்டும் இடியும் ஒன்றாக விழுந்ததைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேசையிலிருந்து நான் எத்தனை கவனமாகத் தட்டினாலும் அந்தப் பொருத்தம் வராது.

செல்போனை ரிமோட்டாக வைக்கலாமா? வைக்கலாம், கியூலேப் நெட்வொர்க் வழியாக வருகிற ஓஎஸ்சி என்ற வகைக் கட்டளைகளை 53000 என்ற யுடிபி போர்ட்டில் கேட்கும், கியூ பட்டியலையே போனில் பார்க்கவும் வசதி இருக்கிறது. ஒத்திகையில் மேடைக்கு முன்னால் நடந்துகொண்டே விளக்கைச் சரிசெய்ய இதைவிட நல்லது இல்லை. நிகழ்ச்சியில் நான் நம்புவதில்லை. யுடிபியில் போன செய்தி வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான், திரும்ப அனுப்பப்படாது. இன்டர்நெட் இல்லாத ரூட்டரை வைத்தால் போன் சமயத்தில் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். திரையைப் பார்க்காமல் விரலால் தடவிப் பொத்தானைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

செல்ஃபி எடுக்கிற புளூடூத் ஷட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது அனுப்புவது வால்யூம் கூட்டும் விசையை. அப்படியே லேப்டாப்பில் சேர்த்தால் பாட்டு மாறாது, சத்தம்தான் ஏறும். அதோடு, கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிப்போகும், முதல் அழுத்தம் அதை எழுப்புவதற்கே சரியாகிவிடும். நாடகத்தில் இரண்டு கியூவுக்கு நடுவே பத்து நிமிடம் போவது சகஜம்.

மாசி மாதத்து இரவு மேடையில் பனி இறங்கும், லேப்டாப்பின் மேல் கைவைத்தால் ஈரம் தெரியும், மேலே ஒரு துணி போட்டு வையுங்கள், காற்று வெளியேறுகிற பக்கத்தை மூடிவிட வேண்டாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காற்றில் ரிமோட்டின் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும், வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பது நல்லது. நிகழ்ச்சி அன்று புது ஆல்கலைன் செல்தான் போடுவேன், சார்ஜ் ஏற்றுகிற செல் ஒத்திகைக்கு.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் ரிசீவரையே தூங்க வைத்துவிடும். ஸ்லீப், ஸ்கிரீன் சேவர், நோட்டிபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்து, வைஃபையையும் நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

எங்கள் குழுவில் இப்போது ஓடுகிற ஏற்பாடு இதுதான்: சைடு விங்கில் ஒருவர் கையில் ரிமோட், லேப்டாப் பக்கத்தில் இன்னொருவர், அவர் விரல் எப்போதும் ஸ்பேஸ் பாருக்கு மேலே. ரிமோட் பிடித்தவர் அழுத்தும்போது கையைக் கீழே வெட்டிக் காட்டுவார், திரையில் கியூ நகரவில்லை என்றால் லேப்டாப்காரர் உடனே தட்டுவார். படுதா இறக்குவது, புகை விடுவது, தொங்குகிற எதையாவது கீழிறக்குவது போன்றவற்றை ரிமோட்டில் சேர்ப்பதே இல்லை, அங்கே ஆள் நின்று கண்ணால் பார்த்துக் கையால் செய்ய வேண்டும், அடியில் குழந்தை நிற்கலாம். அடுத்த சீசனுக்கு நட்டுவனாருக்கு யுஎஸ்பி கேபிளோடு வருகிற பெடல் ஒன்று வாங்கப் போகிறோம். அவர் உட்காருகிற இடத்திலிருந்து விங்குக்கு மூன்று மீட்டர்தான், அதற்கு வயர்லெஸ் தேவையே இல்லை.