கோடை இடிமழை: ரேடார் படமா, மாடல் வரைபடமா?

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், தேவிபட்டினம் பக்கம் குண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கு மாசி முதல் சித்திரை வரை கண் வானத்தின் மேல்தான். களத்தில் காயும் பழத்தின் மேல் ஒரு மழை விழுந்தால் போதும், நிறம் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும், அதாவது தரம் கெட்ட வத்தல். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய்தான். ஆனாலும் நனைந்தால் விலை இல்லை. மூன்று கோடையாக, வரப்போகும் வானிலையைக் கணினி கணித்துத் தரும் மாடல் வரைபடத்தையும், மழைமேகம் இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் ரேடார் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது ரேடாரைத்தான் நம்புகிறேன்.

இங்கே கோடை இடி எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்த கதைதான். மேற்கிலிருந்து காய்ந்த காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, நடுப்பகலில் கடற்காற்று உள்ளே புகும். இரண்டும் முட்டும் கோட்டில் ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டு மேகம் எழும்பும். அன்றைக்குக் கடற்காற்று எதுவரை போகிறது என்பதைப் பொறுத்து, பரமக்குடிப் பக்கமோ மானாமதுரைப் பக்கமோ கட்டும். பிறகு மேல்காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளிவரும்.

மாடல்கள் இந்தக் கோட்டைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கின்றன. ஐரோப்பிய மாடலின் ஒரு கட்டமே 9 கி.மீ., அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்ஸின் கட்டம் அதைவிடப் பெரிது. ஒரு இடிமேகமே சில நேரம் அந்த அளவுதான் இருக்கும். அதனால் ‘நாளை இடி கட்டக்கூடிய நாளா’ என்று முந்தின இரவு பார்க்க மாடல் நல்லது. எந்த ஊர், எத்தனை மணி என்று அதனிடம் கேட்கக் கூடாது. கேட்டு நம்பி, ஒரு பங்குனி மாலை முழுக்களத்தையும் நனைய விட்டேன். வரைபடத்தில் எங்கள் பக்கம் மழையைக் காட்டும் நீலம் ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்கு எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: கையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பரப்பிய வத்தலைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாய் மூடிக் கல் வைக்க நாலு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆள் குறைந்தால் ஒன்றரை. ரேடார் படத்தில் மானாமதுரைக்கு மேல் சிவப்பாகத் தெரியும் மேகம் எங்களிடமிருந்து சுமார் 50 கி.மீ. தள்ளி இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். அடுத்தடுத்த நாலு படங்களை ஓட்டிப் பார்த்தால் வேகமும் திசையும் பிடிபட்டுவிடும். பரமக்குடிக்கு வந்தபிறகு பார்த்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் மதியம் இரண்டு மணியிலிருந்து போனைக் கீழே வைப்பதில்லை.

ரேடாருக்கும் ஒரு குறை உண்டு. காரைக்கால் ரேடார் இங்கிருந்து ஏறத்தாழ 190 கி.மீ. பூமியின் வளைவால் அதன் மிகத் தாழ்ந்த கதிரே எங்கள் தலைக்கு மேல் சுமார் 4 கி.மீ. உயரத்தில்தான் போகிறது. உயர்ந்து எழுந்த இடிமேகம் அதில் சிக்கும். தரையை ஒட்டி நகரும் கடற்காற்றின் முன்விளிம்பு, அதாவது முகப்பு, சிக்காது. அதற்குக் களத்து ஓரத்தில் ஒரு கம்பில் துணி கட்டியிருக்கிறேன். துணி மேற்கிலிருந்து திரும்பிக் கிழக்குக் காற்றில் ஆடத் தொடங்கினால் முகப்பு எங்களைத் தாண்டிவிட்டது. இனி மேற்கே பார்க்க வேண்டும். இராமநாதபுரத்திலேயே ரேடார் வைக்கப்போவதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. அது கிடைத்தால் இந்தக் குறை தீரும்.

வானிலை மையத்தின் மூன்று மணி நேர எச்சரிக்கையை நான் விடுவதில்லை. ஆனால் அது மாவட்டத்துக்கு மொத்தமாக வருவது. தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கி.மீ. இருக்கிறதே. ‘தாமினி’ செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும். வத்தலைக் காக்க அந்த நேரம் போதாது. ஆட்களைக் காக்க அதைவிட நல்லது வேறில்லை. அது ஒலித்தால் மூடியதும் மூடாததுமாக எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுகிறேன்.

இவ்வளவும் கோடைக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் என் கணக்கு நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழையில் மேகம் எங்கிருந்தோ நகர்ந்து வருவதில்லை; கடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அதே இடத்தில் பெய்கிறது. நாலு படம் ஓட்டிப் பார்த்து நேரம் சொல்லும் என் வழக்கம் அங்கே உதவாது. நல்லவேளை, அப்போது களத்தில் வத்தல் இருக்காது.